மைதானத்தை மறைத்த பந்தல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சித்தப்பாவும் சுகம். அம்மாவின் புது முழங்காலும் சுகம். நீ சுகமாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறாய், நம்பிக்கொள்கிறோம். ஆனால் நீ பேசும்போதெல்லாம் பின்னால் ஜன்னல் திரை மூடியே இருக்கிறதே, அங்கே பகல் என்று ஒன்று வருவதுண்டா என்று அம்மா கேட்கிறாள். போன் இருக்க இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறார் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் உன் அம்மா பாதியில் பிடுங்கித் தன் கதையாக முடித்துவிடுவாள். என் மானம் போன கதையை நானே சொன்னால்தான் அதில் கொஞ்சமாவது மிஞ்சும்.

தெருக்கோடி மைதானம் உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா சாயங்காலம் நடப்பது அங்கேதான். தெருவில் நடக்க வண்டிக்காரர்கள் விடுவதில்லை, நடக்காமல் இருந்தால் கால் மடங்க மாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் நகராட்சி மண்டபம் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கிறதாம். சும்மா கிடக்கவில்லை என்று காட்ட நம் தெருச் சங்கத் தலைவர், அதுதான் உன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளி விழா ஏற்பாடு செய்தார். காசு கிடையாது, யாரும் வரலாம், பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசட்டும், நகராட்சி அதிகாரியம்மா வந்து கண்ணால் பார்க்கட்டும் என்பது திட்டம். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அண்ணே, வயசானவங்களுக்கு ஓரமா கொஞ்சம் நிழல் மட்டும் கட்டிக் குடுங்க என்றார்.

பந்தல்காரனிடம் ஓரமாகக் கொஞ்சம் என்று சொல்வது, பூனையிடம் பாலை மோந்து மட்டும் பார் என்று சொல்வது போல. ஓரத்தில் கட்டி முடித்தேன், பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, கையும் பரபரத்தது. நாலு கால் கூடுதலாக நட்டால் என்ன குறைந்துவிடும் என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவன் எப்போது எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறான், நட்டுடலாம்ணே என்றான். அப்புறம் நடுவுக்கு நீலத்துணி, வெயில் சாய்கிற பக்கம் திரை, கீழே விரிப்பு, வரிசையாக நாற்காலி, வாசலில் ஜரிகைத் தோரணம். கிடங்கில் இருந்த சாமான் முழுக்க மைதானத்துக்கு வந்துவிட்டது. தூர நின்று பார்த்தேன், என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. அதற்குள் ஜனம் வரத் தொடங்கியதால் பல் டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பந்தோடு வந்த பிள்ளைகள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சைக்கிள்கள் வெளியே நின்றன. அதிகாரியம்மா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நிமிர்ந்து துணியைப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு, இங்க நிரந்தரமா ஒரு மண்டபம் கட்டிட்டா வருஷம் பூரா இப்படியே இருக்கும் என்றார். பல் டாக்டர் என்னைப் பார்த்தார். பிடுங்க வேண்டிய பல்லை அப்படித்தான் பார்ப்பார். நான் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் உன் அம்மா தன் வழக்கப்படி நடக்க வந்தாள். கயிறு தடுக்கி, நாற்காலி இடித்து, திரையை விலக்கி உள்ளே தலையை நீட்டி, அத்தனை பேர் முன்னால் கேட்டாள். ஏங்க, பந்தல் நல்லாத்தான் இருக்கு, மைதானத்தை எங்க வெச்சீங்க என்றாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் தோரணம் ஆடியது. அதிகாரியம்மாவும் சிரித்தார், ஆனால் மண்டபத்துக்குக் குறிப்பெழுதத் திறந்த பேனாவை மூடவில்லை. மண்டபம் வந்தால் உன் அம்மா எங்கே நடப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிடா என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

பந்தல் கட்டும்போது வேடிக்கை பார்க்க ஊரே வரும். பிரிக்கும்போது நாங்களும் தெரு நாயும்தான். அன்றைக்கு ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை அடுக்கினார்கள், விரிப்பைச் சுருட்டினார்கள். துணியை ஆளுக்கொரு ஓரம் பிடித்து இறக்கும்போது காற்று உள்ளே புகுந்து தூக்கியது, பிள்ளைகள் எல்லாம் அதற்கடியில் புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். ஒரு மூலையை யாரோ தப்பாக இழுத்ததில் துணி கிழியப் பார்த்தது. யாரும்மா அது, புத்தி இருக்கா, விடும்மா கையை என்று கத்தினேன். அதிகாரியம்மா. அவர் கையை விடவில்லை, எந்தப் பக்கம் இழுக்கணும்னு சொல்லுங்க என்று மட்டும் கேட்டார். சொன்னேன். இழுத்தார். நன்றாகவே இழுத்தார்.

துணி இறங்கியதும் வானம் அது பாட்டுக்கு மேலே இருந்தது. பந்து உருண்டது. அம்மா நடக்கத் தொடங்கினாள், அதிகாரியம்மாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், நடந்தோம், மூச்சு வாங்கிச்சு, இதுல பேச்சு வேறயா என்கிறாள். நம்பவில்லை, உன் அம்மா பேசாமல் நடந்ததை நான் பார்த்ததில்லை.

போன வாரம் நகராட்சியிலிருந்து தகவல் வந்தது. மண்டபம் இல்லை. மைதானம் மைதானமாகவே இருக்கும். கூடவே வாசலில் கால் நட்டு ஒரு பலகையும் அடித்துவிட்டார்கள்: இங்கே பந்தல் போடக் கூடாது. இந்தத் தொழிலில் என்னால் நிலையாக நின்ற கால் அது ஒன்றுதான். அம்மா தினமும் போகும்போது அதன் மேல் இருக்கிற தூசியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போகிறாள், நான் பார்க்கிறேனா என்று திரும்பியும் பார்க்கிறாள்.

நீ வந்தால் தங்குவதற்கு மாடியில் தகரம் போட்டு ஓர் அறை இழுக்கலாம் என்று அளவெடுத்து வைத்திருந்தேன். துணி காயற இடத்துல கை வெச்சுப் பாருங்க என்கிறாள் அம்மா. ஆகையால் உனக்குக் கூடத்தில்தான் படுக்கை. வேளைக்குச் சாப்பிடு. நீ மனசும் உடம்பும் குறையில்லாமல் நல்லா இருக்க எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் அந்த ஜன்னல் திரையை விலக்கு கண்ணு. ஆயுசு பூரா திரை கட்டிப் பிழைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
பலகை வாங்கிய உன் அப்பா