பொத்தானை மறைத்த கலைமான்

நவம்பர் 18, திங்கள்

ஷாப்பிங் மாலுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் வந்து இறங்கிவிட்டது. முதல் மாடிக்குப் போகும் எஸ்கலேட்டரின் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு கலைமான்; அட்டையும் பஞ்சும். பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது என்பதால் மேலாளன் யோர்மா ஒப்புதல் தாளை நீட்டினான். "தீப்பிடிக்காத அட்டைதான் சிர்க்கா, போட்டுடு." கையெழுத்துப் போட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. மதியம் சால்மன் சூப்.

நவம்பர் 21

வாசல் கால்மிதிகளை இரண்டு முறை மாற்ற வைத்தேன். குயோபியோ நகரத்தின் இந்தச் சேற்றுப் பனியில் ஒருவரும் வழுக்கி விழவில்லை என்றால் அது என்னால்தான் என்று பெருமை வேறு.

நவம்பர் 30, சனி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

மதியம் ஒரு மணி இருக்கும். அலறல். குழந்தையின் குரல் என்றே முதலில் தெரியவில்லை, அப்படி ஒரு சத்தம். நாலு வயதுப் பெண், பச்சை ரப்பர் பூட்ஸ். பூட்ஸின் ஓரம் எஸ்கலேட்டர் படிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டது. படி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அம்மா குழந்தையைப் பிடித்து இழுக்கிறாள். "நிறுத்துங்க! யாராவது நிறுத்துங்களேன்!"

நான் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். ஓடினேன். அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான் எங்கே? பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த பொத்தான். கலைமான். கலைமானுக்குப் பின்னால். கையை விட்டுத் துழாவுகிறேன், பஞ்சு பஞ்சாகக் கையோடு வருகிறது. தள்ளினேன், நகரவில்லை — கம்பியால் தூணோடு கட்டியிருக்கிறார்கள். மேலே பூக்கடை பிர்க்கோதான் ஓடிவந்து அந்தப் பக்கத்துப் பொத்தானைத் தட்டினாள். நின்றது.

கேமராவில் பார்த்தேன். மாட்டியதிலிருந்து நிற்கும்வரை பத்தொன்பது வினாடி.

அந்தப் பொத்தானை மறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார்? நான்தானே? தீப்பிடிக்குமா என்று மட்டும்தானே பார்த்தேன்!

டிசம்பர் 1

குழந்தைக்குக் காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவள் பெயர் ஐலி.

டிசம்பர் 2, திங்கள்

நான் எழுதிய விபத்து அறிக்கையை யோர்மா நின்றபடியே படித்தான். கதவைச் சாத்தினான்.

"அம்மா குழந்தை கையைப் பிடிச்சிருக்கல. ரெண்டு கையிலயும் பை. கேமராவுலயே தெரியுது. அத எழுது, பொய் ஒண்ணும் இல்லையே."

"பொத்தான் எங்க இருந்துச்சு யோர்மா?"

"அத எழுதினா மாட்டப்போறது நீ. கையெழுத்து உன்னோடது, என்னோடது இல்ல."

"அதத்தான் எழுதியிருக்கேன்."

அவன் முன்னாலேயே மேலதிகாரிகளுக்கும் அரசின் பாதுகாப்பு ஆய்வுத் துறைக்கும் அனுப்பினேன். நல்லவள் மாதிரி எல்லாம் தோன்றவில்லை. பயம்தான்.

டிசம்பர் 6

நாட்டின் சுதந்திர தினம், விடுமுறை. வழக்கப்படி எதிர் வீடுகளின் ஜன்னல்களில் மெழுகுவர்த்திகள். நான் ஏற்றவில்லை.

டிசம்பர் 11, புதன்

ஐலியின் அம்மா மிர்வா போன் செய்தாள்.

"அறிக்கை வந்துச்சு. சிர்க்கா நீங்கதானா?"

"ஆமா."

"அந்தப் பைகளக் கீழ போட்டிருந்தா, அவ கையைப் பிடிச்சிருந்தா இது நடந்திருக்காதேன்னு பத்து நாளா என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன். பொத்தான் மறைஞ்சிருந்துச்சுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

"மறைச்சது நான்தான். சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."



"நான் உங்கள மன்னிக்கல," என்றாள்.

"மன்னிக்கச் சொல்லி நான் கேக்கலைங்க."

"ஆனா... இன்னிக்காவது தூங்குவேன்னு நினைக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

எனக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. வேலை மட்டும் மிஞ்சியது. யோர்மா வணக்கம்கூடச் சொல்வதில்லை.

காலையில் கதவு திறக்குமுன் கடைக்காரர்களைக் கூப்பிட்டேன். முப்பத்தெட்டுக் கடை, கடைக்கு ஒருவர். ஓடுகிற எஸ்கலேட்டரை நிறுத்தச் சொன்னேன். இருபத்தொரு பேருக்குப் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை! இருபத்தொன்று! மூக்குக்கண்ணாடிக் கடை எஸ்கோ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அதத் தொட்டா அபராதம்னுல்ல இத்தன வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்!"

எத்தனை வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது? எந்தத் தைரியத்தில் நான் தூங்கினேன்?

ஒவ்வொருவரையும் மூன்று முறை அழுத்த வைத்தேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்றார் எஸ்கோ. அழுத்தினார்.

பிப்ரவரி 20, வியாழன்

காலை பதினொன்று. எஸ்கலேட்டரில் ஒரு பெரியவர் தடுமாறி முழங்கால் மடங்கி விழுந்தார். கழுத்துத்துணியின் நுனி படியோடு இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் படி நின்றுவிட்டது. பொத்தான்மேல் எஸ்கோவின் கை. இரண்டு வினாடிகூட இருக்காது.

பெரியவர் எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். முகமெல்லாம் சிவப்பு.

"எவன்யா நிறுத்தினது? எனக்கு பஸ் போயிடும்!"

"நான்தான்," என்றார் எஸ்கோ. "நடந்து ஏறுங்க, உடம்புக்கு நல்லது."

முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கு என்ன ஆக இருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. நானும் எஸ்கோவும் நின்ற படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.