சித்தப்பா தலையில் மீன் ஐஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை சித்தப்பா வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: சித்தப்பா, சித்தி, தம்பி செல்வம், நான். இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் இன்னும் நாலு யோசனை வந்திருக்கும்.

மூன்று பத்துக்குச் சித்தப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. காபி டம்ளர் கையை விட்டு நழுவியது. உங்களுக்கு வந்த அதே பக்கவாதம். நான் 108-க்குப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள், செல்வம் தன் மீன் வண்டியிலிருந்து ஐஸை அள்ளித் துண்டில் கட்டி அவர் தலையில் வைத்துவிட்டான். கட்டுமாவடிக் கடற்கரை மீன் வாடையோடு.

"என்னடா இது?"

"நீதானக்கா வாசிச்ச, குளிர்ல கெடந்தா அணிலுக்கு மூளை கெடாதுன்னு?"

வாசித்தது நான்தான், நூலகப் புத்தகத்திலிருந்து. குளிர்நாட்டுத் தரை அணில் மாதக்கணக்கில் வளைக்குள் உறங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் மிகவும் குறைந்துபோகிறது. ஆனாலும் எழும்போது மூளைக்குப் பழுதில்லை. அந்த வித்தை பிடிபட்டால் பக்கவாதம் வந்தவர்களைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அணில் முதலில் உடம்பின் பசியையும் மூளையின் பசியையும் அடக்கிக்கொள்கிறது, வெறும் குளிர் அதைச் செய்யாது என்ற பக்கத்தையும்தான் வாசித்தேன். அப்போது இவன் செல்போனில் இருந்தான். பாதி கேட்பவர்களை என்ன செய்வது அப்பா?

"அந்த வித்தைய ஆண்டவன் அணிலுக்குக் குடுத்தான். நமக்குக் குடுத்தது கொஞ்ச நிமிசந்தான். ஐஸத் தூக்கி அங்கிட்டுப் போடு" என்றேன்.

108 வண்டி வந்து நின்றது. சித்தி திருநீற்றுத் தட்டோடு வாசலை மறித்தார்.

"ராகு காலம் ஆத்தா. நாலரை ஆகட்டுமே."

அது சித்தியின் சொல் இல்லை, என் சொல். உங்களுக்கு வந்த அன்று வீட்டில் நாம் இரண்டு பேர்தான். ராகு காலம் முடியட்டும் என்று உங்களைப் படுக்க வைத்தவள் நான். ஒன்றரை மணி நேரம் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சித்தியை விலக்கிச் சித்தப்பாவை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் சித்தப்பா குழறலாகக் கேட்ட முதல் கேள்வி, "தலையில என்ன மீன் நாத்தம்?"

இப்போது எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கிறது. அப்பாவுக்கு நேரம் வந்துவிட்டது, போனார் என்றுதான் செல்வம் இன்னமும் நம்புகிறான்.

கந்தனைக் கும்பிடுவதை விடமாட்டேன். ஆனால் ஆபத்தில் கிடப்பவரை நேரம் பார்த்து நிறுத்திவைக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அன்று தாமதித்தவள் நான்தான் என்று செல்வத்திடம் சொல்லட்டுமா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மூத்த மகள்,
வள்ளி