பிழை திருத்திய கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். மூட்டுவலிக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக வந்திருக்கிறதா, தெரியவில்லை.

சென்ற வாரம் காலமான பைக் பந்தய வீரரின் இரங்கல் கூட்டத்தில் பேச வர மாட்டேன் என்று அவருடைய மெக்கானிக்கிடம் சொன்னாயாம். "கொஞ்ச நாள் பரிதாபப்பட்டார், அப்புறம் சலிச்சுப்போச்சு. அதை மேடையில சொல்லவா?" என்று கேட்டாயாம். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்திருக்கிறாய். அது தவறு. தவறு என்று எனக்குத் தெரியும்.

உனக்கு அப்போது பதினான்கு வயது. பந்தயத் திடலில் ஆளாளுக்கு உன் சக்கர நாற்காலியைக் கேட்காமலே பிடித்துத் தள்ளினார்கள். அவர் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உன் எதிரே குந்தி உட்கார்ந்து, "எங்க பிடிச்சா வலிக்காது? நீ சொல்லு, நான் தூக்குறேன்" என்றார். நீ சொன்னபடியே தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். இன்ஜின் ஓடும்போது செயின் தளர்ந்த சத்தம் கேட்கிறது என்றாய். மெக்கானிக் சிரித்தார், பார்த்தால் தளர்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து நீ அவருக்கு இன்ஜினியரம்மா. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் உனக்கு எழுதினார்.

அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன். கடைசியாக வந்த கடிதத்தை உனக்குக் கொடுக்கும் முன் படித்தேன். கை சும்மா இருக்கவில்லை. 'வலைவு' என்றிருந்ததை 'வளைவு' ஆக்கினேன். ஓரத்தில் குறியும் போட்டேன். எல்லாம் சிவப்பு மையில். நீ சிகிச்சைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கடிதம் மேஜையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை மார்க் சார்?" என்றார், சிரித்துக்கொண்டே.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பதற்றத்தில் எனக்கு உண்மைதான் வந்தது. பதினோரு பிழை என்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு எழுதவில்லை. அவர் வந்ததை உன்னிடம் சொல்லவில்லை; கடிதத்தையும் தரவில்லை. மாதக்கணக்கில் நீ ஜன்னலோரம் தபால்காரருக்குக் காத்திருந்தபோது, "வேலையா இருப்பார்மா" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த பந்தயத்தில் நீ வந்து இன்ஜினைக் கேட்டுச் சரி என்ற பிறகே வண்டியை எடுப்பேன் என்று எழுதியிருக்கிறார். நீ போகவில்லை. அன்று கடைசி நிமிடம் வரை வண்டியை வரிசைக்குக் கொண்டுபோகாமல் நின்றாராம். மெக்கானிக் இப்போதுதான் சொன்னார். "இன்ஜினியரம்மாவுக்கும் என் எழுத்து பிடிக்கலபோல" என்றாராம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். அரங்கில் சரிவுப்பாதை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டேன், இருக்கிறது. வந்து பேசு. நான் செய்ததையும் சொல்ல வேண்டுமானால் சொல், பின்வரிசையில் இருப்பேன். வாசலில் என்னைக் கண்டால் நீ பேசாமல் போகலாம். அவரைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா