அண்டாவில் என் பேர், பில்டியில் வேறு விலாசம்

துறைமங்கலம், பெரம்பலூர்
ஐப்பசி 3

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், நல்லாருக்கேன்பா என்று ஒரே வார்த்தையில் போனை வைத்துவிடுவாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை, எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன். போனைப் பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தை மடித்து வைத்தாலும் என்றைக்காவது பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும். உறைமேல் திருநெல்வேலி விலாசத்தைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். இது அப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது, அம்மா உளறிவிட்டாளா என்று அவள்மேல் பாயாதே. அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காததுதான் அவள் செய்த காரியம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆவணி மாதம் நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா. எங்க பேங்க்ல கூட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு மெட்ராஸ்லேர்ந்து திருநெல்வேலிக்கு வீடு மாத்துதுப்பா, லாரி வாடகையைக் கம்மியா முடிக்க என்ன வழின்னு கேட்டுச்சு, எங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன் என்றாய். எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவனை, ரிட்டயர் ஆன இந்த நாலு வருஷத்தில் எவனும் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை, என் மகள் கேட்கிறாள் என்று வேகாத வெயிலில் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு பழைய ஆபீசுக்கே போய் ரேட் விசாரித்துக்கொண்டு வந்து அரை மணி நேரம் சொன்னேன். மாசக் கடைசியிலும் ஒண்ணாம் தேதியிலும் வண்டி பிடிக்கக் கூடாது, ஊரே அன்றைக்குத்தான் வீடு மாற்றும், பத்தாம் தேதிக்கு மேலே புதன், வியாழனாகப் பார்க்கச் சொல் என்றேன். பாதி வண்டிச் சாமானுக்கு முழு வண்டி எதற்கு, அரியலூரிலிருந்து சிமெண்ட் இறக்கப் போகிற லாரி மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி ஏற்றக் காலியாகத்தான் ஓடும், டீசலில் ஒரு பங்கும் டிரைவர் பேட்டாவும் கொடுத்தால் திருநெல்வேலியில் இறக்கிவிட்டுப் போவான் என்றேன். ஏற்றுகூலி, இறக்குகூலி, டோல், மாடிக்குத் தூக்குகிற கூலி எல்லாம் வாடகைக்கு உள்ளேயா வெளியேயா என்று முன்னாலேயே எழுதி வாங்கச் சொன்னேன். துணிமணிக்கு அட்டைப்பெட்டி வாங்கிக் காசைக் கரைக்காமல் போர்வையில் மூட்டை கட்டச் சொன்னேன். நீ ம், ம் என்று குறித்துக்கொண்டாய். அரியலூர் வண்டிக்காரர்களிடமும் சொல்லி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, அந்தப் பொண்ணுக்கு டிரான்ஸ்பர் கேன்சல் ஆயிடுச்சுப்பா, வண்டி வேணாம் என்றாய். பாவம், எந்த வீட்டுப் பெண்ணோ, அலைச்சல் இல்லாமல் போயிற்றே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

புரட்டாசி கடைசி வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும், திருமானூர் பிச்சைமுத்து போன் செய்தான். உனக்கு அவனைத் தெரியாது, என் காலத்திலிருந்து எங்கள் ஆபீஸ் சரக்கை ஓட்டுகிறவன், அரியலூர் சிமெண்டை மெட்ராஸில் இறக்கிவிட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்தான். சார், மெட்ராஸ்ல ஒரு வூட்டுச் சாமான் ஏத்தியிருக்கேன், அதுல உங்க பேரு வெட்டுன அண்டா ஒண்ணு இருக்குங்க, திருட்டுச் சாமான் எதையாச்சும் ஏத்திட்டேனான்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வரேன், செத்த நாலு ரோட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்களேன் என்றான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போனேன். டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தித் தார்ப்பாயை ஒதுக்கிக் காட்டினான். பெ. குழந்தைவேல், மலர்கொடி, துறைமங்கலம் என்று உன் கல்யாணத்துக்கு நான் பக்கத்தில் நின்று வெட்டச் சொன்ன எழுத்து, அப்படியே இருந்தது.

மெட்ராஸில் யாரோ உன் வீட்டில் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், பானு. வண்டிமேல் ஏறிப் பார்த்தேன். பீரோ இருந்தது, கிரைண்டர் இருந்தது, சாக்கில் சுற்றின குத்துவிளக்கு, பித்தளைக் குடம், அம்மா வாங்கிக் கொடுத்த மரப்பெட்டி எல்லாம் இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லை, டி.வி. இல்லை, சோபா இல்லை, மாப்பிள்ளை வீட்டுக் கரண்டி ஒன்றுகூட இல்லை. நாங்கள் சீர் செய்தது மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி இருந்தது, அதிலும் ஜெயங்கொண்டத்தில் சொல்லிச் செய்த தேக்குக் கட்டில் மட்டும் வரவில்லை. திருடன் பேர் பார்த்துத் திருட மாட்டான். சாமானைப் பார்த்தே இது டிரான்ஸ்பர், இது சீர், இது கடன்காரனுக்குப் பயந்து காலி பண்ணுகிற வீடு என்று சொல்கிறவன் நான், இதையும் சொல்லத் தெரிந்தது. உட்கார இடமில்லாமல் அண்டாமேலேயே கையை ஊன்றிக்கொண்டேன். பிச்சைமுத்து சரக்குச் சீட்டை, அந்தப் பில்டியைக் கொடுத்தான். சரக்கு பெறுபவர் கு. பானுப்ரியா என்று போட்டு, கீழே இந்த விலாசம். என் இனிஷியல் வேண்டும், நான் வேண்டாமா உனக்கு?

அங்கிருந்தேதான் உனக்குப் போன் போட்டேன். எங்கம்மா இருக்கே என்றேன். ஆபீஸ்லப்பா என்றாய். எந்த ஊர்ல என்றேன். இது என்னப்பா கேள்வி, மெட்ராஸ்லதான், வேற எங்க, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். ஒரு கையில் போன், ஒரு கை உன் அண்டாவில். வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், லாரி ஆபீசில் காலையில் உட்கார்ந்தால் பொய்தான், ஒன்றும் உறைத்ததில்லை. அன்றைக்கு உறைத்தது. பிச்சைமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, சார், இது நம்ம வூட்டு சாமானா, வண்டியைத் திருப்பி உங்க வாசல்லயே எறக்கிடட்டுமா என்றான். பில்டியில் எந்த விலாசமோ அங்கேதான் சரக்கு போகணும், வேணாம் என்றேன்.

பீரோக் கண்ணாடிக்கு ஒரு துணிகூடச் சுற்றாமல் கயிறு போட்டிருந்தார்கள், மதுரை போவதற்குள் நொறுங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்த என் கருநீலக் கரை வேட்டியை உருவிக்கொண்டு போய்ச் சுற்றி, கயிற்றை அவிழ்த்து மறுபடி நானே இறுக்கிக் கட்டி, தார்ப்பாயை மூடிவிட்டு அனுப்பினேன். நீ பிரித்தபோது அது யார் வேட்டி என்று தெரிந்ததா தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்தும் இத்தனை நாள் போன் செய்யவில்லை என்றால் அது இன்னொரு கணக்கு.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். ஐயோ என் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்று பதறுவாள் என்று பார்த்தால், சாமானெல்லாம் ஒடையாமப் போச்சாங்க என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருத்திக்கு ஆவணியிலிருந்து தெரியும், எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக நீயும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்தீர்களாம், நீயே மாற்றல் கேட்டு வாங்கினாயாம். அந்த மகானுபாவர் ஆடி மாதம் எனக்குப் போன் செய்து, மாமா கால்வலி எப்படி இருக்கு, தைலம் அனுப்பட்டுமா என்று விசாரித்தார், நானும் உருகிப் போய்ப் பேசினேன். எல்லோரும் சேர்ந்து என்னை நன்றாகத்தான் முட்டாள் ஆக்கிவிட்டீர்கள். கத்தினேன், வாய்க்கு வந்தபடி கத்தினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், ஜெயசித்ரா சாமான் வந்து எறங்குன அன்னிக்கு நீங்க சொன்னதை நம்ம பானு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தா என்றாள்.

என் அண்ணன் மகள் ஜெயசித்ரா மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷன் வேண்டாம் என்று குட்டியானையில் சாமானோடு வந்து இறங்கினாளே, அந்தப் பொங்கலுக்கு நீ இங்கே இருந்தாய். கை கொடுக்கப் போகாமல் நம் வாசலில் நின்றபடியே, பட்டப்பகல்லயா கொண்டாந்து எறக்குவாங்க, இருட்டுன பொறவு வரக் கூடாதா, தெருவே வேடிக்கை பாக்குது என்று நான் சொன்னேன். சொன்னது வாஸ்தவம். நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன், ஜெயசித்ரா காபி கொடுத்தாள், சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வராமல் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தப்புதான். ஆனால் பானு, வாய் நீண்டவன் நான் இன்னொருத்தியைப் பார்த்துச் சொன்னதை வைத்து, உன்னையும் அப்படித்தான் சொல்வேன் என்று நீயாகவே முடிவு கட்டினாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், அதற்குப் பிறகு வண்டி பிடித்துக்கொண்டு மெட்ராஸுக்கு வந்திருப்பேன்.

வண்டி என்றதும் வயிறு எரிகிறது. முப்பத்தெட்டாயிரம் கொடுத்தாயாம், அம்மா இதையும் அன்றைக்குத்தான் கக்கினாள். மூடின கண்டெய்னர் வண்டி என்று பேசி வாசலில் ஏற்றிக்கொண்டு, வண்டலூர் தாண்டி ஒரு ஷெட்டில் எல்லாவற்றையும் மாற்றிச் சிமெண்ட் இறக்கின திறந்த லாரியில் போட்டிருக்கிறார்கள். பிச்சைமுத்துவுக்குக் கிடைத்தது பதினாலாயிரம். அதே பிச்சைமுத்து, அதே காலி வண்டி, நான் உனக்கு எதைச் சொன்னேனோ அதே. மெத்தையில் சிமெண்ட் தூசி இருந்திருக்குமே, தட்டினாயா, தண்ணீர் போட்டுத் துடைக்காதே, இறுகிவிடும், வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டு. மீதிப் பணம் பாக்கி இருந்தால் கொடுக்காதே, கண்டெய்னர் என்று எழுதின காகிதத்தைக் காட்டிக் குறைத்துக் கேள். நான் சொன்னதில் வியாழக்கிழமை பிடித்தது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறாய். வாடகைக் காசை மிச்சப்படுத்த அத்தனை வழியையும் என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அத்தனையையும் ஒதுக்கிவிட்டாய், ஏனென்றால் மலிவான வண்டியெல்லாம் எனக்குத் தெரிந்தவன் வண்டி. இருபத்துநாலாயிரம் கூடக் கொடுத்தது வண்டிக்கு இல்லை, பானு, எனக்குத் தெரியாமல் இருப்பதற்கு. பெற்ற அப்பனிடமிருந்து மறைவதற்கு இத்தனை வாடகையா என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

கோபம் இன்னும் தீரவில்லை, தீர்ந்த மாதிரி எழுதவும் எனக்குத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, அவரோடு சேர்ந்து வாழு என்றும் சொல்லவில்லை, கட்டில் ஏன் வரவில்லை என்று அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. பாத்திரத்தில் பேர் எதற்கு வெட்டுகிறோம், விசேஷ வீட்டில் கலந்து போனால் பேரைப் பார்த்து உரிய வீட்டில் கொண்டு வந்து சேர்க்கத்தானே. பிச்சைமுத்து பேரைப் பார்த்துச் சரியாக என்னிடம் சேர்த்தான். பில்டியைக் காட்டித் திருப்பி அனுப்பினவன் நான். எனக்கும் அன்றைக்கு வேடிக்கை பார்க்கிற தெரு ஞாபகம் வந்ததா என்று இப்போது யோசிக்கிறேன், வந்தது என்றுதான் தோன்றுகிறது. அதனால் இதை எழுதி வைக்கிறேன். என்றைக்காவது அந்தச் சாமானோடு நீ இங்கே வர வேண்டியிருந்தால் வண்டியை என்னிடம் கேட்டுப் பிடி. பகல் பத்து மணிக்கு வரட்டும். நம் தெரு முனையில் ரிவர்ஸ் எடுப்பது கஷ்டம், பின்னால் நின்று வரட்டும், வரட்டும் என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறவன் நானாகத்தான் இருப்பேன். இறக்குகூலி கிடையாது.

தனியாக இருக்கிறாய், கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாவிட்டால் முதல் வேலையாக ஒன்று போடு, வீட்டுக்காரரிடம் அட்வான்ஸுக்கு ரசீது வாங்கு. நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாமல், எனக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கண்ணாடியில் சுற்றியிருந்த வேட்டியைக் கரித்துணி ஆக்கிவிடாதே, எனக்கு நல்ல வேட்டி அது ஒன்றுதான். பார்சலில் அனுப்பாதே. தீபாவளிக்கு அதைக் கட்ட வேண்டும், நேரில் கொண்டு வந்து கொடு.

இப்படிக்கு,
உன் அண்டாவில் பேர் உள்ள அப்பா,
பெ. குழந்தைவேல்