யார் வீட்டுச் சோறு

கொல்லம் ஆண்டு 1084, வைகாசி 4, பாறசாலை

மெட்ரிக் தேறிவிட்டேன். இனி எந்தக் காலேஜ் என்று வீட்டில் ஓயாத பேச்சு. என்ன படிக்க ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கேட்டது ஒன்றுதான்: "எலே சிவானந்தம், அங்க ஆரு வீட்டுல சாப்பிடுவே?"

ஹோட்டல் சோறு நம் சைவக் குடும்பத்துக்கு ஆகாதாம்.

வைகாசி 7

நாகர்கோவில் என்றால் மாமா வீடு, அங்கே அவர் மகள் கோமளவல்லி. திருவனந்தபுரம் என்றால் சொர்ணம்மாள் அத்தை வீடு, அங்கே நீலாம்பாள். மதராஸில் சொந்தக்காரர் இல்லை, ஆகவே அங்கே காலேஜும் இல்லை! சோறு போட்ட வீட்டில் பெண் எடுக்காமல் தப்பியவன் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தாணு அண்ணன் இரண்டு வருஷம் மாமா வீட்டில் தின்றான். இப்போது மூத்த மருமகனாக மாமாவின் வயலைப் பார்க்கிறான். படிப்பு பாதியில் நிற்கிறது.

வைகாசி 12

திருவனந்தபுரம் என்று சொல்லிவிட்டேன். பி.ஏ. வரை ரசாயனம் அங்கேதான். அப்பாவுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது: "நீலாம்பா நல்ல பிள்ளையாக்கும்!" அம்மா கண்ணைக் கசக்கினாள்: "எனக்க அண்ணன் என்ன குறை வச்சாரு?"

நான் ரசாயனத்தைச் சொல்கிறேன், இவர்கள் பெண்ணைச் சொல்கிறார்கள். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

வைகாசி 13

இன்றும் அதே பேச்சு. தோசையைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

வைகாசி 19

என்னைக் கையோடு கூட்டிப்போக அத்தை, தன் மகளோடு வந்திறங்கிவிட்டாள். கூடத்தில் அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை. பின்கட்டில் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து நீலாம்பாள், "அத்தானுக்குச் சோறு வைக்கத் தெரியாதா? அரிசியும் தண்ணியும்தானே?" என்றாள்.

மெட்ரிக் தேறியவனுக்கு இது ஏன் தோன்றவில்லை? வெட்கமாக இருந்தது. எரிச்சலாகவும்.

வைகாசி 24

தனி அறை எடுத்து நானே சமைத்துக்கொள்கிறேன் என்று முந்தாநாள் சொன்னேன். "ஆம்பிளப் பிள்ள அடுப்பு ஊதுவானா? நாலு பேரு சிரிப்பாவ" என்றார் அப்பா. சிரிக்கட்டுமே! இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். இன்று அம்மா வெண்கலப் பானையைத் தேய்த்து என் பெட்டியில் வைத்தாள். "அந்த வீட்டுல தின்னாம இருந்தாப் போதும் மக்கா."

ஆனி 10, திருவனந்தபுரம்

கரமனையில் ஓர் அறை. சோறு மேலே குழைந்து அடியில் தீய்ந்தது. தின்றேன். நாளை முதல் ரசாயன வகுப்பு.

ஆனி 15

அத்தை வீட்டு வேலைக்காரி புளிக்குழம்பு கொண்டுவந்தாள். தொட்டால் தொலைந்தேன்! அப்படியே திருப்பி அனுப்பினேன். நானே சமைப்பதை அத்தை நம்பட்டும் என்று, நான் வடித்த சோற்றிலும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வேலைக்காரி கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தாள். "நீலாம்பா பிள்ளையாக்கும் பூரா தின்னது. உப்பு போடணும்ணு சொல்லச் சொல்லிச்சு."

தின்றவர்தான் கட்டுப்பட வேண்டும் என்பதல்லவா எங்கள் குடும்பச் சட்டம்?

நாளைக்கு உப்பு வாங்க வேண்டும்.