மூன்றாம் ஓலைக்கு முன்னால்

சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்,
10-9-1962

அன்பு மகள் வேளாங்கண்ணிக்கு அம்மா மிக்கேலம்மாள் எழுதுவது. மாதா காவலில் நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எப்போதும் எழுதும் வரியை எழுத இன்று பேனா ஓடவில்லை. பயப்படாதே, யாரும் படுத்துக் கிடக்கவில்லை. கடைசி வரை படி. பாதியில் நிறுத்திவிட்டு அழுதுகொண்டு உட்காராதே, நீ அப்படிச் செய்கிறவள்.

முதலில் நல்ல சேதி. உன் தங்கை அமலிக்கு நேற்றுக் கோயிலில் இரண்டாம் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. சாமியார் பெயரைச் சொன்னதும் முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை யாக்கோபு மண்டபம் ஊரிலிருந்து நமக்கு ஒரு கூடை பாறை மீன் கொடுத்தனுப்பியிருந்தார். வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை, அதுதான் கடைசி. அதற்கடுத்த புதன் கல்யாணம்.

உன் அய்யா கடலுக்குப் போகிறார், வருகிறார். மீன்பாடு சுமார்தான். உன் படிப்பின் பெயர் இன்னும் அவர் வாயில் நிற்கவில்லை. யாராவது கேட்டால், வழங்காத கைகாலை வழங்க வைக்கிற படிப்பு என்கிறார். பிசியோதெரபி என்று நான் சொல்லிக்கொடுத்தால், இங்கன ஒரு இங்கிலீஷ்காரி வந்துட்டா என்று கேலி வேறு.

போன கடிதத்தில் நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். பெருவியாதி, அதுதான் குஷ்டம், வந்த ஒரு பெண்ணின் கைக்கு மெழுகு ஒத்தடம் கொடுத்து, மடங்கிப்போன விரல்களை நீவிவிட்டதாக எழுதியிருந்தாய். முதலில் தேமல் மாதிரி ஓர் இடம், தொட்டால் தெரியாமல் இருந்ததாம். அப்போதே வந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும், விரல் மடங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அவள் நாலு வருஷம் முந்தானைக்குள் கையை ஒளித்து வைத்திருந்தாளாம். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது அம்மா என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கோபத்தில் பாதியை எனக்கும் எடுத்து வை.

மே மாத லீவில் நீ வந்தபோது, பழகிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேரையும் பாயில் உட்கார வைத்தாயே. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டு, எந்த இடம் என்று கேட்டாய். அய்யா மூடாமல் பார்த்துப் பார்த்துச் சிரித்தார் என்று அவர் கண்ணை மட்டும் துண்டால் கட்டினாய். அமலி எல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு என் முறை. வலது கையில் ஒன்றும் குறையில்லை. இடது கையில் நீ எப்போது தொடுவாய் என்று காத்துக்கொண்டே இருந்தேன். தொட்டாச்சு அம்மா, ஏன் பேசாம இருக்க என்றாய். அசந்துவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு இமையைக் கொஞ்சம் திறந்து பார்த்துத்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். குண்டூசிக்கு ஐயோ என்று கத்தவும் செய்தேன். என் கண்ணை நீ கட்டவில்லை. அம்மாதானே என்று நம்பினாய். நோட்டில் என் பெயருக்கு நேரே சரி என்று எழுதினாய்.

மறுநாள் காலை உனக்கு ரயில். தெரிந்திருந்தால் நீ ஏறியிருக்க மாட்டாய். அந்த வாரம்தான் அமலியைப் பெண் பார்க்கவும் வருவதாக இருந்தார்கள். ஒரு பொய் சொன்னால் இரண்டு பிள்ளைகளும் கரையேறிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய இடம் ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் பக்கம் தொடங்கி இப்போது விரலெல்லாம் மரத்துவிட்டது. போன வாரம் குழம்புச் சட்டியைத் துணி பிடிக்காமல் இடது கையாலேயே அடுப்பிலிருந்து இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் பார்த்துவிட்டு, ஒனக்கு என்ன இரும்புக் கையா என்று மெச்சினாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் பார்த்தால் விரலெல்லாம் கொப்புளம். வலியே இல்லை. அன்றைக்குத்தான் உண்மையாகப் பயந்தேன். அடுத்த நாளிலிருந்து அய்யா கடலிலிருந்து வந்ததும் அவரே சட்டியை இறக்கி வைக்கிறார்.

நேற்று ஓலை வாசித்து முடித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் சொன்னபோது, கோயிலில் என்னைத் தவிர யாரும் இல்லாத மாதிரி இருந்தது. பூசை முடிந்ததும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வியாதி கல்யாணத்துக்குத் தடை இல்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இதை ஊர் வாயால் கேட்கக் கூடாது, உன் வாயால் கேட்கட்டும் என்றார். வரும் சனிக்கிழமை மண்டபம் போய் யாக்கோபுவின் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அவள் என்ன சொல்வாளோ தெரியாது. அமலிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, கல்யாணச் சேலைக்கு ஓரம் தைத்துக்கொண்டு பாடுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கும்போது எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று இருக்கிறது. கிழிக்க மாட்டேன்.

ஆனால் என்ன வியாதி என்று நானே முடிவுகட்டி, தனியாகப் போய் அந்த வாசலில் நிற்க என்னால் முடியாது. இது குணமாகும் என்று சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. கல்லூரியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை ரயிலில் வா. படிப்பை விட்டுவிட்டு வராதே, அப்படி வந்தால் பாம்பன் ஸ்டேஷனிலேயே திருப்பி ஏற்றிவிடுவேன். உன் நோட்டில் என் பெயருக்கு நேரே இருப்பதை அடித்துவிடு. டீச்சர் கேட்டால், அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று சொல்.

உன் இரண்டு கைகளையும் மாதா ஆசீர்வதிக்கட்டும். பஞ்சும் குண்டூசியும் மறக்காமல் எடுத்து வா. அய்யாவின் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை என் கண்ணை நன்றாக இறுக்கிக் கட்டு.

உன் அம்மா,
மிக்கேலம்மாள்