நீங்கள் கை நனைக்காத வீடு

அன்புக்கும் என் கோபத்துக்கும் ஒருசேர உரிய பெரியத்தானுக்கு,

செத்துப்போனவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டாமல் எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் முதல் வருஷத் திதி. உங்களுக்குப் பிள்ளை இல்லாததால் உங்கள் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், இங்கே சிங்கப்பூரிலேயே கொடுக்கிறார். அந்தப் படையல் சோற்றை யார் பொங்குவது என்றுதான் ஒரு வாரமாக வீட்டில் சண்டை.

நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினீர்கள். சிராங்கூன் ரோட்டில் எங்கள் மாட்டுக்கொட்டகையையும் வீட்டையும் சுற்றிப் பார்த்தீர்கள். நான் காலையிலிருந்து சமைத்து இலை போட்டு வைத்திருந்தேன். நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னீர்கள்: "எனக்குக் கொல்லையில மூணு கல்லு வச்சுக் குடுடா. நானே பொங்கிக்கிறேன்."

நான் சிங்கப்பூரில் பிறந்தவளாம். என் அம்மா எந்தக் கப்பலில் யாரோடு வந்தாள், என்ன சாதி என்று ஒருவருக்கும் தெரியாதாம். நான் கேட்கிறேன், கப்பலில் அத்தனை நாளும் உங்களுக்குச் சோறு வடித்தவன் என்ன சாதி? அவனை விசாரித்துவிட்டா தட்டை நீட்டினீர்கள்? எங்கள் மாட்டுப் பாலை மட்டும் நீங்களே கறந்து குடித்தீர்கள். அந்த மாட்டுக்குப் புல் போட்டவள் நான். அது மட்டும் தீட்டில்லை, அப்படித்தானே?

உங்கள் தம்பி வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மாதம் நீங்கள் கொல்லையில் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கினீர்கள். உள்ளே என் பிள்ளைகள், "பெரியப்பா ஏன் நம்மளோட சாப்பிட மாட்டேங்கிறாரு?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். டேங்க் ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மடியில் உங்கள் அவல் மூட்டை. யாரும் தொடக்கூடாது. நீரிணைக் கரையில் ரயில் நின்றது, படகில் ஏறி ஜோகூர் பக்கம் போய் வேறு ரயில் பிடிக்க வேண்டும். இவர் மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நீங்கள் கொடுக்கவில்லை. படகிலிருந்து காலை எடுத்து வைத்தபோது வழுக்கியது. உங்களைப் பிடித்துவிட்டோம். மூட்டை கடலுக்குள் போய்விட்டது.

அந்த ரயிலில் மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஸ்டேஷன்களில் சீனன் ஏதோ விற்றான், மலாய்க்காரி பலகாரம் விற்றாள். எதையும் தொடவில்லை. முகம் வெளுத்துவிட்டது. நான் என் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். புளிச்சோறும் எள்ளுத் துவையலும். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "ரயிலு என்ன, யாரு வீடுமில்ல. அடுப்பே இல்லாத எடத்துல தீட்டு எங்கேருந்து வரும்?"

உங்களுக்கு நீங்களே ஒரு சட்டம் எழுதிக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பசித்தவர் முன்னால் சிரிக்கலாமா? அள்ளி அள்ளிச் சாப்பிட்டீர்கள். ஜன்னலைப் பார்த்தபடியே இலையை என் பக்கம் தள்ளி, "தாயீ, இன்னும் கொஞ்சம் போடு," என்றீர்கள். என் பங்கையும் சேர்த்துத்தான் போட்டேன். அன்றைக்கு எனக்குப் பசிக்கவே இல்லை. ஒரு மாதமாகக் கேட்காத வார்த்தையைக் கேட்டுவிட்டேனே!

அதோடு விட்டிருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பேன். ஊருக்குப் போய் என்ன சொன்னீர்கள்? "தம்பி வீட்டுல பச்சத் தண்ணி தொடல. போனபடியே திரும்பி வந்தேன்." ஊரே உங்களை மெச்சியதாம். சே! தின்ற வாயால் எப்படிச் சொல்ல வந்தது?

அதன் பலனை நான் அனுபவிக்கிறேன். உங்கள் தங்கை காமாட்சி கல்யாணமாகி இந்தத் தெருவுக்கே குடிவந்திருக்கிறாள். வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறாள். உள்ளே வாயேன் என்றால், "பெரியண்ணன் கை நனைக்காத வீட்டுல நான் எப்படி அண்ணி கை நனைக்கிறது?" என்கிறாள். திதிச் சோற்றையும் அவளே பொங்கிக் கொண்டுவருவாளாம். பொறுக்க முடியாமல் ரயிலில் நடந்ததைச் சொன்னேன். "செத்தவங்க மேல பழி போடாதீங்க. எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு," என்றாள். நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் மாட்டுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆக, இப்போது பொய்க்காரி நான்.

இன்று சாயங்காலம் இவரிடம் கேட்டுவிட்டேன். "என்னைப் பொய்க்காரின்னு அவ சொன்னப்ப ஏன் வாயத் தொறக்கல? நாளைக்கு இலைக்கு முன்னால உக்காந்தும் இப்படியே இருப்பீங்களா?" எழுந்துபோய் மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்தார். பிறகு, "நீயே பொங்கு. புளிச்சோறே பொங்கு. அண்ணன் ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருன்னு நான் சொல்றேன்," என்றார். இதைச் சொல்ல இத்தனை வருஷமா? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மிஷன் பள்ளியில் நான் எழுதப் படிக்கக் கற்றது இதற்குத்தான் போலிருக்கிறது. நாளைக்கு இலை போட்டதும், காமாட்சியையும் தெருக்காரர்களையும் வைத்துக்கொண்டு இதை உரக்கப் படிப்பேன். பிறகு அவளுக்கும் ஒரு இலை போடுவேன். அண்ணன் சாப்பிட்ட வீட்டில் சாப்பிட அவளுக்கு என்ன தடை?

இது ரயில் இல்லை, பெரியத்தான். என் வீடு. அடுப்பு எரிகிறது, பற்றவைத்தவள் நான். தெரிந்தே வாருங்கள். நான் இருக்கும்வரை வருஷா வருஷம் என் கையால்தான் உங்களுக்குச் சோறு. வயிறு நிறையப் போடுவேன், இது சத்தியம். பசியோடு மட்டும் உங்களை அனுப்ப மாட்டேன்.

ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் "தாயீ" என்று கூப்பிட்ட,
உங்கள் தம்பி பெண்சாதி
செல்லம்மாள்